கார்ல் என்று ஒருவர்

அந்தக் குடை மட்டும் டிராம் கதவில் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால்... ஹென்னிங் பாட்டுக்குத் தன் ஸ்டாப்பில் இறங்கியிருப்பான். தன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவிட்டு, அம்மா கை காட்டிய பெண்ணைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளை என்று பேர் வாங்கியிருப்பான். விதி யாரை விட்டது? குடை மாட்டிக்கொண்டது.

1953, அக்டோபர் மாதம். நார்வேயின் பெர்கன் நகரில் மழை. இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். மழை பெய்யாத நாளைத்தான் பெர்கன்காரர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஒரு சாவுக்கு வாசிக்க வேண்டும் என்று கருப்புக் கோட்டும் கையில் இசைத்தாள்களுமாக ஓடி வந்து ஏறினான் ஹென்னிங். அவன் உள்ளே, குடை வெளியே. டிராமில் இருந்த அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள்.

"சார், குடை உள்ள வருதா, வெளியவே நிக்குதா? முடிவு பண்ணிச் சொன்னீங்கன்னா வண்டியை எடுப்போம்" என்றான் கண்டக்டர்.

ஹென்னிங்குக்குச் சுருக்கென்று வந்தது. ஊர்ப் பாதிரியாராக இருந்து இறந்துபோனவரின் ஒரே மகன் அவன். ஊரில் யாரும் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. "கதவைக் கொஞ்சம் பார்த்துச் சாத்தக் கூடாதா? இது எங்கப்பாவோட குடை!"

"ஓ... அப்ப வயசான குடை. எழுந்திருச்சு இடம் குடுங்கப்பா!"

வண்டியே சிரித்தது. திட்டுவதற்காகத்தான் தலையை நிமிர்த்தினான் ஹென்னிங். நிமிர்த்தியவன் திட்டவில்லை... அந்தக் கண்கள்! மழை விட்டதும் கடல் மேல் ஒரு நிமிஷம் வெளிச்சம் வருமே, அந்த நிறம். தொப்பி விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குப் பின்னால் அவை சிரித்துக்கொண்டே இருந்தன. சாதாரணமாக ஓர் ஆள் இன்னோர் ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைவிட ஒரு விநாடி கூடப் போயிற்று. அந்த ஒரு விநாடியில் ஹென்னிங்குக்குப் புரிந்துவிட்டது. எதிரில் நின்றவனுக்கும் புரிந்துவிட்டது.

மறுநாள் மழை இல்லை. தேவாலயத்துக்கு நடந்தே போய்விடலாம். ஹென்னிங் டிராமுக்காக நின்றான். வேண்டுமென்றே இரண்டு வண்டிகளை விட்டான்... மூன்றாவதில் அவன் வந்தான்.

"இன்னைக்குக் குடையும் இல்ல, மழையும் இல்ல. அப்புறம் எதுக்கு வண்டி?"

"கால் வலி" என்றான் ஹென்னிங், முகம் சிவக்க.

"நேத்து என்னா ஓட்டம் ஓடி வந்தீங்க... அதே காலா?"

பேர் அஸ்லாக். வடக்கே ஏதோ ஒரு தீவில் மீன்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா கடலோடு போய்விட்டார். அக்கா பொர்கில்ட்தான் வளர்த்து ஆளாக்கினாள். வாய் மட்டும் இந்த ஊர் வாய். பெர்கனில் பிறந்தவன் தோற்றான், போங்கள்.

அந்த நாட்டுச் சட்டப்படி ஓர் ஆண் இன்னோர் ஆணைத் தொட்டால் சிறை. போலீஸ் வருவது அபூர்வம்தான். ஆனால் ஊர் வருமே! வேலை போகும், வீடு போகும், பெற்ற தாய் வாசற்கதவைச் சாத்துவாள். அதனால் இருவரும் மலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹென்னிங்குக்கு ஆர்கன், திங்கட்கிழமை மலை. மரங்கள் நின்றுபோகிற உயரத்துக்கு மேலே யாரும் யாரையும் 'நீங்க' என்று கூப்பிடுவதில்லை. பேராசிரியரோ மீன்காரரோ, மேலே போய்விட்டால் எல்லாரும் 'நீ'தான். அங்கேதான், ஒரு பாறை மறைவில், ஃபிளாஸ்க்குக் காப்பிக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் நடுவில், அஸ்லாக் முதல் தடவையாக அவன் கையைப் பிடித்தான். உரித்த ஆரஞ்சு வாசனை அடித்த அந்தக் கையை ஹென்னிங் விடவே இல்லை. இறங்கி ஊருக்குள் வந்ததும் தானாகவே கைகள் பிரிந்தன. கீழே அவர்கள் முன்பின் தெரியாதவர்கள்.

தலைநகரில் இவர்களைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் கிளை ஒன்றை பெர்கனில் ஆரம்பித்தது அஸ்லாக்தான். அவன் மாடியறையில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மாதம் ஒரு கூட்டம். அங்கே ஒரு விதி உண்டு: யாரும் நிஜப் பேர் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. நாளைக்கு ஒருவன் பிடிபட்டால் இன்னொருவன் பேர் அவன் வாயில் இருக்கக் கூடாது. ஹென்னிங் 'கார்ல்' ஆனான். அஸ்லாக் மட்டும் அஸ்லாக்காகவே இருந்தான். அம்மா வைத்த பேர் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், தன் பேரை மறைக்காதவன் ஹென்னிங் பேரை அப்படிக் காத்தான். தனியாக இருக்கும்போதும் கார்ல்தான். மலை மேலே, ஆள் அரவமே இல்லாத இடத்திலும் கார்ல்தான். ஒருநாள் ஹென்னிங் சிணுங்கினான்.

"இங்க யாருடா இருக்கா? ஒரு தடவை என் பேரைச் சொல்லேன்..."

"மாட்டேன். பழகிட்டா நாக்கு சொன்ன பேச்சு கேக்காது. நான் தூக்கத்துல உளறினாக்கூட உன் பேர் வெளிய வரக் கூடாது, கார்ல்."

எப்படிப்பட்ட காதல் பாருங்கள். கொஞ்சிக் கூப்பிட ஒரு பேர்கூட இல்லாத காதல்!

1958இல் ஊர்ப் பத்திரிகையில், இந்த மாதிரி ஆட்களை மருத்துவமனையில் பூட்டி வைக்க வேண்டும் என்று யாரோ எழுதினார்கள். அஸ்லாக் பதில் எழுதினான். 'நானும் அந்த மாதிரி ஆள்தான். தினமும் உங்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறேன். என்னால் யாருக்கு என்ன கெடுதல் வந்தது?' என்று கேட்டு, கீழே முழுப் பேரையும் போட்டான். அந்த ஊரில் அப்படி யாரும் செய்ததில்லை. மறுவாரமே டிராம் வேலை போயிற்று. மீன் உப்புக் கிடங்கில் பீப்பாய் உருட்டப் போனான். ஜன்னலில் கல் விழுந்தது. உடைந்த கண்ணாடிக்கு அட்டையை ஒட்டிவிட்டு, அதே அறையில் கூட்டத்தை நடத்தினான்.

ஆனால் அந்தப் பேர் போட்டதற்கு அப்புறம்தான் ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். கப்பல்காரன் வந்தான். வாத்தியார் வந்தார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பெண்கள் இருவர் கையில் ஒரே பெட்டியோடு வந்தார்கள். எல்லாருக்கும் காப்பி, லவங்கப்பட்டை பன். சாகப்போகிறேன் என்று வந்தவனை விடியும்வரை உட்கார வைத்துப் பேசி அனுப்புவான். மிச்ச நேரத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுவான். அவர்கள் பதில் போடமாட்டார்கள். சளைக்காமல் மறுபடி எழுதுவான்.

ஹென்னிங் இதையெல்லாம் பார்த்துப் பெருமைப்பட்டான். உள்ளுக்குள்தான்... வெளியே பெருமைப்பட அவனுக்குத் தைரியம் இல்லை. அம்மா இருக்கிறாளே என்று சொல்லிக்கொண்டான். பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் தேவாலய வேலை இருக்கிறதே என்றான். பயப்படுகிறவனுக்குக் காரணமா பஞ்சம்?

1966இல் மாணவர்கள் தங்கள் மன்றத்தில் பேச அஸ்லாக்கைக் கூப்பிட்டார்கள். அறுநூறு பேர் கொள்ளும் கூடம். அதற்கு முந்தின திங்கட்கிழமை, மலையில், அஸ்லாக் வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல் பேசினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ பேச வேண்டாம். யாருன்னு சொல்ல வேண்டாம். நாலு பேர் முன்னாடி என் பக்கத்துல வந்து உட்காரு. எனக்கு அது போதும்."

"உனக்கு எல்லாமே சுலபம்! இழக்கறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு? பீப்பாய் உருட்டறவன்தானே நீ... நான் பாதிரியார் வீட்டுப் பிள்ளை!"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அள்ள முடியுமா? அஸ்லாக் ஃபிளாஸ்க்கை மூடினான்.

"இழக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, கார்ல். இப்ப அதுவும் இல்ல."

பேச்சு நடந்த இரவு ஹென்னிங் மன்றத்துக்குப் போனான்தான். உள்ளே போகவில்லை. எதிர்ச்சுவர் ஓரமாக மழையில் நின்று, உள்ளேயிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டான். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் கைதட்டல் மட்டும் கேட்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தான்.

அதன் பிறகு ஐந்து வருஷம் பேச்சு இல்லை. எத்தனையோ தடவை தெருவில் எதிரெதிரே வந்தார்கள். கீழே அவர்கள் முன்பின் தெரியாதவர்கள்தானே... இப்போது நிஜமாகவே அப்படி ஆகிப்போனார்கள். அஸ்லாக் ஒவ்வொரு முறையும் நடையைக் கொஞ்சம் தளர்த்துவான். ஹென்னிங் கடைக் கண்ணாடியைப் பார்ப்பான்.

1971 இலையுதிர் காலத்தில் அஸ்லாக் மருத்துவமனையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டான். நுரையீரல், இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அன்றைக்கே ஓடினான். எந்த நோயாளியைப் பார்க்க வேண்டும், அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று வாசலில் இருந்த நர்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டாள். சொந்தக்காரர்களை மட்டும்தான் விடுவார்களாம்.

என்ன உறவு? ஹென்னிங் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. விசாரிக்க வந்தேன் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிவிட்டான். மறுநாளும் போனான். மருத்துவமனை வாசல்வரை. அடுத்த நாள் அதுவும் முடியவில்லை. அந்த வாரமே அஸ்லாக் போய்விட்டான். அடுத்த வசந்தத்தில் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தை எடுத்தே போட்டது. இன்னும் ஆறு மாசம் இருந்திருந்தால் கண்ணால் பார்த்திருப்பான். கொடுத்து வைக்கவில்லை.

பொர்கில்ட் வடக்கிலிருந்து கப்பலில் வந்திருந்தாள். சாவுச் சடங்குக்கான பாட்டுகளைப் பேச ஆர்கன் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தாள். பருத்த உடம்பு, உப்புக் காற்று பட்டுச் சிவந்த கன்னம்... கண்கள் மட்டும் அப்படியே அவன் கண்கள். ஹென்னிங் பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. தம்பிக்குப் பிடித்த இரண்டு பாட்டுகளைச் சொன்னாள். எழுந்து போகும்போதுதான் கேட்டாள்.

"ஐயா, நீங்க இந்த ஊர்லயே பொறந்து வளந்தவர்... கார்ல்னு யாரையாவது தெரியுமா?"

ஹென்னிங்கின் விரல்கள் புத்தகத்தில் அப்படியே நின்றன.

"கடைசி நாலு நாளும் அந்தப் பேர்தான். ஊசி போட்டு நெனவு தப்பினப்பவும் அதேதான்... கார்ல் வந்துட்டானா, கார்ல் வந்துட்டானான்னு. நானும் கிடங்குல கேட்டேன், அந்தச் சங்கத்துக்காரங்களைக் கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. யாரா இருந்தா என்னங்க? அவனைப் பார்க்கணும்னு தவிச்சான் என் தம்பி."

உளறினாக்கூட உன் பேர் வெளிய வரக் கூடாது... சொன்னபடியே செய்துவிட்டான், பாவி. சாகிறபோதும் நாக்கை அடக்கி வைத்திருக்கிறான். அவன் மட்டும் நிஜப் பேரைச் சொல்லியிருந்தால், ஊரில் தெரியாத ஆளா ஹென்னிங்? அரை மணியில் ஆள் அனுப்பிக் கையோடு கூட்டிப் போயிருப்பாள் அக்கா.

"தெரியாதும்மா" என்றான் ஹென்னிங்.

அவள் படியிறங்கிப் போன சத்தம் நிற்கிறவரை அவன் அசையவில்லை. பிறகு ஆர்கன் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்று மாலை பூக்கடைக்குப் போன் செய்து ஒரு மலர்வளையம் சொன்னான். பட்டு நாடாவில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்றான். பேர்? தயங்கினான்... 'கார்ல்' என்றான். பழக்கதோஷம்.

சடங்கு நாள். மழை கூரையைப் போட்டு அறைந்தது. அந்த ஊரில் சாவுக்கு யார் வந்தாலும் முன்வரிசை வலப்பக்க பெஞ்சு ரத்த சொந்தத்துக்கு. அதில் பொர்கில்ட் தனியாக உட்கார்ந்திருந்தாள். பின்னால், நடுவில் எல்லாம் காலி பெஞ்சுகள். கடைசி வரிசைகளில் மட்டும் கூட்டம்: சங்கத்துக்காரர்கள். கதவோரமாகவே உட்கார்ந்து பழகிப்போனவர்கள். ஹென்னிங் மாடியில், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆர்கன் மேலே மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தான். கப்பல்காரன் இருந்தான். வாத்தியார் நரைத்துப் போயிருந்தார். அந்த இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். வெள்ளைச் சவப்பெட்டி முன்னால் தனியாகக் கிடந்தது.

இரண்டு பாட்டு முடிந்தது. பிரசங்கம் முடிந்தது. இனி பெட்டியைச் சுற்றி வைத்த மலர்வளையங்களின் நாடாக்களைப் பாதிரியார் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, உரக்கப் படிக்க வேண்டும். வந்த கடைசி வணக்கங்களை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது முறை. இளவயதுப் பாதிரியார், நல்ல மாதிரி. 'அன்புத் தம்பிக்கு, பொர்கில்ட்' என்று படித்தார். உப்புக் கிடங்குத் தொழிலாளர்கள் என்று படித்தார். சங்கத்தின் பேரைக்கூட முழுங்காமல் படித்தார். அடுத்த நாடாவை நீவிப் பிடித்தார்.

"எல்லாவற்றுக்கும் நன்றி. கார்ல்."

பொர்கில்ட் எழுந்துவிட்டாள். தேவாலயத்தில் பாதிரியாரைத் தவிர யாரும் எழுந்து பேசுகிற வழக்கமே கிடையாது. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. பின்பக்கம் திரும்பி நின்றாள்.

"கார்ல்... வந்திருக்கீங்களா?"

மழைச் சத்தம்தான்.

"நான் ஒண்ணும் சண்டைக்கு வரலை. அவன் உங்களைக் கேட்டான். வந்திருந்தீங்கன்னா, இங்க வந்து அவன்கிட்ட ஒரு நிமிஷம் நில்லுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல தூக்கிடுவாங்க."

கடைசி வரிசைகளில் இருந்த அத்தனை பேருக்கும் கார்ல் யார் என்று தெரியும். ஒரு தலைகூட மாடிப் பக்கம் திரும்பவில்லை. காட்டிக்கொடுக்காதே என்பது விதி. எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பாதிரியார் சங்கடத்தோடு மாடியைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த பாட்டை ஆரம்பித்துவிடுங்கள் என்று அர்த்தம். சுலபம்... விரல்கள் கட்டைகள் மேலேயே இருந்தன. அழுத்தினால் போதும், அந்தப் பெரிய குழாய்கள் பொர்கில்டின் குரலை மூடிவிடும். வேலை பிழைக்கும். அப்பா பேர் பிழைக்கும். யாருக்கும் எதுவும் தெரியாமலே போகும். சட்டம் அன்றைக்கும் சட்டம்தான்.

கண்ணாடியில் பொர்கில்ட் மெதுவாக உட்காரப் போனாள்.

ஹென்னிங் விரல்களை எடுத்தான். எழுந்து, மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக முகத்தைக் காட்டி நின்றான்.

"அக்கா..." குரல் உடைந்தது. "நான்தான்."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. சுழல் படியில் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. காலி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

"அன்னைக்கு நீங்க கேட்டப்பத் தெரியாதுன்னு சொன்னேன். அது பொய், அக்கா. கார்ல் நான்தான். என் பேர் ஹென்னிங். எனக்காகத்தான் அவன் அந்தப் பேரை வெச்சான். பதினெட்டு வருஷமா உங்க தம்பி மேல எனக்குக் காதல்... அவன் வேலை போனப்ப நான் பக்கத்துல நிக்கலை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு, என்ன உறவுன்னு கேட்டாங்கன்னு திரும்பிப் போயிட்டேன். அவனுக்கு நான் யாருன்னு ஒரு நர்ஸ்கிட்டக்கூட எனக்குச் சொல்லத் தெரியலை."

பெட்டியின் மேல் கையை வைத்தான். வெள்ளைப் பூச்சு சில்லென்று இருந்தது.

"இப்பச் சொல்றேன், அஸ்லாக். நாலு பேர் முன்னாடி சொல்றேன். என் உயிர்டா நீ. கேக்குதா?"

பொர்கில்ட் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கன்னங்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் அடித்துவிடுவாள் போலத்தான் இருந்தது.

"இவ்ளோ லேட்டா வர்றதாடா? கண்ணு மூடற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தானே..."

ஹென்னிங் தலை குனிந்து நின்றான்.

அவள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உட்காரு. இது சொந்தக்காரங்க இடம்."

ஹென்னிங் உட்கார்ந்தான். கடைசிப் பாட்டுக்கு வாசிக்க மாடியில் ஆள் இல்லை. கதவோரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, முன்னால் வந்து, அவனுக்குப் பின்னால் இருந்த காலி பெஞ்சுகளில் நின்று பாட ஆரம்பித்தார்கள்.